தப்பான விடைக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது

கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “பையன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு நோட்டில் சிவப்பு மையைப் பார்த்தாலே முகம் வாடிவிடுகிறது. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் புதுக் கணக்கைத் தொடவே மாட்டேன் என்கிறான். போட்டதையும் ரப்பரால் அழித்து அழித்துத் தாள் கிழிகிறது. தப்புப் பண்ணினால்தான் கற்றுக்கொள்ள முடியும் என்று நானும் அவன் அப்பாவும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டோம். காதில் ஏறவில்லை. என்ன செய்யலாம்?”

நீங்கள் அவனுக்குச் சொன்னது உண்மைதான் அம்மா. ஆனால் அதை நம்புவதற்கு அவன் கண்முன்னே ஆதாரம் எதுவும் இல்லை. வகுப்பில் சரியான விடைக்கு ஸ்டார் போடுகிறார்கள், கைதட்டச் சொல்கிறார்கள். தப்பான விடைக்கு மார்க் போகிறது. சில இடங்களில் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா என்கிறார்கள். வீட்டில் கையெழுத்து வாங்க நோட்டை நீட்டினால் ஒரு பெருமூச்சு வருகிறது. நாம் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று என்று இருந்தால் பிள்ளை நடப்பதைத்தான் நம்பும். “பரவாயில்லடா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்ற ஆறுதலும் பெரிதாக உதவாது. நடக்கக் கூடாதது ஏதோ நடந்துவிட்டது, அம்மா பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் அவனுக்குப் படும்.

அவனுக்கு வேண்டியது வேறு. அவன் போட்ட தப்பான விடையை யாராவது ஒருவர் உட்கார்ந்து, அக்கறையாக, “இது எப்படி வந்தது?” என்று பார்க்க வேண்டும். புதுச்சேரியிலும் கடலூரிலும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருஷங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது: பிள்ளைகள் போடும் தப்புகளில் பெரும்பாலானவை கண்டபடி வருவதில்லை. அவற்றுக்குள் ஒரு விதி இருக்கிறது. அந்த விதி வேறு எங்கோ ஒரு இடத்தில் சரியாக வேலை செய்த விதி.

ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 403-இல் இருந்து 158-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 355 என்று எழுதுகிறது. சரியான விடை 245. நாம் உடனே “கடன் வாங்க மறந்துட்டியா?” என்போம். அது மறக்கவில்லை. ஒன்றாம் இடத்தில் 3-உம் 8-உம் இருக்கின்றன, வித்தியாசம் 5. பத்தாம் இடத்தில் 0-உம் 5-உம், வித்தியாசம் 5. நூறாம் இடத்தில் 4-உம் 1-உம், வித்தியாசம் 3. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது, அவ்வளவுதான். இதே பிள்ளையிடம் 85-இல் 32 போனால் என்ன என்று கேட்டால் 53 என்று சரியாகச் சொல்லிவிடும். அதனால் நோட்டில் பாதி டிக், பாதி இன்டு என்று கிடக்கும். டீச்சர் “கவனக்குறைவு” என்று எழுதுவார். உண்மையில் அந்தப் பிள்ளை எல்லாக் கணக்கிலும் ஒரே விதியை, துளியும் கவனம் சிதறாமல் கடைப்பிடித்திருக்கிறது.

அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் இதைத்தான் விரிவாகக் காட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை அலசிப் பார்த்து, அவற்றில் நிறைய தப்புகளைக் கணினி நிரலில் ஒளிந்திருக்கும் பிழையான ‘பக்’ போல விதியாகவே எழுதிவிடலாம் என்றார்கள். எந்த ‘பக்’ என்று தெரிந்துவிட்டால் அடுத்த கணக்கில் பிள்ளை என்ன தப்பு விடை எழுதும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும்.

இந்த ‘பெரியதிலிருந்து சிறியதை’ விதி எங்கிருந்து வந்தது? நாம் கொடுத்ததுதான். ஒன்றாம் வகுப்பில் “சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது, எப்பவும் பெரியதிலிருந்துதான் கழிக்கணும்” என்று சொல்லிக்கொடுத்தோம். பிள்ளை அதை விசுவாசமாகக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து என்னிடம் படிக்க வந்த ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா மீன் விற்பவர். விடுமுறை நாளில் அந்தப் பெண்ணும் கூடையருகே உட்கார்ந்து சில்லறை கொடுப்பாள். 500-இல் 365 போனால் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கொடுத்தேன். 265 என்று போட்டாள். நோட்டை மூடிவிட்டு, “ஒருத்தர் 365 ரூபாய்க்குச் சங்கரா வாங்கிட்டு ஐநூறு ரூபாய் நோட்டு கொடுக்கறார். நீ எவ்வளவு திருப்பித் தருவே?” என்றேன். யோசிக்கவே இல்லை. “நூத்தி முப்பத்தஞ்சு டீச்சர்.”

“எப்படிச் சொன்னே?”

“முப்பத்தஞ்சு குடுத்தா நானூறு. அப்புறம் ஒரு நூறு.”

இப்போது நோட்டைத் திறந்து இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். “இது ரெண்டும் ஒரே கணக்குதானே?” என்று கேட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “265 குடுத்தா அம்மா என்னைத் திட்டும்” என்றாள். பிறகு ஒன்றாம் இடத்தில் விரலை வைத்து, “இங்க பூஜ்யத்திலேருந்து அஞ்சு போகாதுன்னு நான் அஞ்சுலேருந்து பூஜ்யத்தை எடுத்துட்டேன்” என்று அவளே சொன்னாள். தப்பைக் கண்டுபிடித்ததும் அவள்தான், அதற்குப் பெயர் சொன்னதும் அவள்தான். கடன் வாங்கிக் கழிப்பது எதற்காக என்பது அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தபோது எளிதாக உள்ளே போனது.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கதை மட்டும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை வைத்து 1985-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கடையில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். அண்மையில் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்விலும் இந்த இடைவெளி தெரிகிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும். தாளில் எழுதும் முறைக்கும் தலைக்குள் ஓடும் கணக்குக்கும் நடுவே யாரும் பாலம் போட்டுக் கொடுக்கவில்லை.

உங்கள் பையன் ஐந்தாம் வகுப்பு என்பதால் பின்னமும் தசமமும்தான் இப்போது அவனைப் படுத்திக்கொண்டிருக்கும். பின்னத்தைக் கூட்டும்போது இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் சேர்த்து ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிடுவார்கள். ஏன் அப்படி? அவனுடைய மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு டெஸ்டில் 20-க்கு 15, இன்னொன்றில் 25-க்கு 18. மொத்தம் எப்படிப் போடுகிறோம்? 45-க்கு 33. மேலே இருப்பதை மேலோடு, கீழே இருப்பதைக் கீழோடு! மார்க்குக்கு அது சரி. ஏனென்றால் அங்கே கூட்டுவது இரண்டு வெவ்வேறு டெஸ்டில் எடுத்த புள்ளிகளை. ஒரே தோசையில் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் சேர்க்கும்போது அது பொருந்தாது. “தப்பு” என்று சொல்வதற்குப் பதில், “ஐந்தில் இரண்டு பாதியைவிடப் பெரிசா சின்னதா?” என்று கேளுங்கள். சின்னது என்பான். “பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் குறையுமா?” இந்த இடத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது அழுகை முகமாக இருக்காது. விடுகதைக்கு விடை தேடும் முகமாக இருக்கும்.

தசமத்திலும் இப்படித்தான். மூன்றரையை 3.3 என்று எழுதிய ஒரு பையனை எனக்குத் தெரியும். கிரிக்கெட் பைத்தியம். ஓவருக்கு ஆறு பந்து, பாதி ஓவர் மூன்று பந்து, ஸ்கோர் போர்டில் மூன்றரை ஓவர் 3.3 என்றுதான் வரும். அவன் உலகத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதுகிற இரண்டாம் வகுப்புப் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. 2.5-ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதுகிற பிள்ளை, முழு எண்களில் ஒரு பூஜ்யம் சேர்த்து வெற்றி கண்ட பிள்ளை.

இன்னொன்று. சரியான விடைக்குள்ளும் தப்பு ஒளிந்திருக்கும். 0.35, 0.4 இரண்டில் எது பெரிசு என்று கேட்டால் நிறையப் பிள்ளைகள் 0.35 என்பார்கள், 35 நாலைவிடப் பெரிசு என்பதால். ஒரு பிள்ளை 0.4 என்று சொன்னதும் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். “ஏன்?” என்று கேட்டிருந்தால், “புள்ளிக்கு அப்புறம் நீளமா இருந்தா சின்ன எண்” என்று அது சொல்லக்கூடும். அந்தப் பிள்ளைக்கு 0.75-ஐயும் 0.6-ஐயும் கொடுத்துப் பாருங்கள், 0.6 பெரிசு என்று சொல்லும். தையல்காரர் டேப்பை எடுத்து ஒரு மீட்டரில் 0.6 எங்கே, 0.75 எங்கே என்று தொட்டுக் காட்டச் சொன்னால் தானாகத் தெளியும். கணக்குக் கல்வி ஆய்வுகளில் பென்னி என்ற பெயரில் ஒரு பையன் பிரசித்தம். ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்பவர் 1973-இல் அவனைப் பற்றி எழுதினார். டெஸ்டுகளில் தேறி மேலே மேலே போய்க்கொண்டிருந்த பையன். உட்கார்ந்து பேசிப் பார்த்தால் தசமத்துக்கும் பின்னத்துக்கும் அவன் தானாகக் கட்டிவைத்திருந்த விதிகள் அத்தனையும் கோணல். விடையை மட்டும் திருத்துகிற ஏற்பாட்டில் அது யார் கண்ணிலும் படவில்லை.

அதனால் நான் உங்களுக்குச் சொல்கிற முக்கியமான வேலை ஒன்றுதான். தினமும் அவன் போட்ட கணக்கில் ஒன்றிரண்டை எடுத்து, “இதை எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். சரியாகப் போட்டதையும் கேளுங்கள். தப்பை மட்டும் கேட்டால், அம்மா வாயைத் திறந்தாலே விடை தப்பு என்று இரண்டே நாளில் கண்டுபிடித்து ரப்பரைத் தேடுவான். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். நம் முகம் மாறுகிறதா என்று பிள்ளைகள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். பாதியில் நின்று “ஐயோ இல்ல” என்று தானே திருத்திக்கொண்டால், “எதை வெச்சுக் கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள். அந்தக் கண்டுபிடிப்புதான் அன்றைக்குப் பாராட்ட வேண்டிய விஷயம்.

பாராட்டு என்றதும் ஒரு எச்சரிக்கை. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் பையன் வயதுதான், சோதனைகள் செய்து பார்த்தார்கள். ஒரு சுற்றில் நன்றாகச் செய்த பிள்ளைகளில் சிலரை “நீ புத்திசாலி” என்றும் சிலரை “நல்லா உழைச்சே” என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்தார்கள். அதன் பிறகு, புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மார்க்கை எழுதிச் சொல்லச் சொன்னபோது அவர்களில் பத்தில் நாலு பேர் அளவுக்குக் கூட்டிச் சொன்னார்கள். பொய் சொல்லும் பிள்ளைகள் இல்லை அவர்கள். கையில் கொடுத்த பேரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவே. ஆகவே தாத்தா பாட்டி, சித்தப்பா யாராக இருந்தாலும் “இவன் கணக்குல புலி” என்று சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் பாரம் ஏற்றுகிறார்கள். அதே சமயம், “தப்பு நல்லது, மூளை வளரும்” என்று சுவரில் எழுதி ஒட்டினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மனப்பாங்கை மாற்றும் பயிற்சிகளைப் பற்றிப் பின்னாளில் வந்த பெரிய ஆய்வுகளில் கிடைத்த பலன் சின்னதாகத்தான் இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வாசகம் மாறி, தப்பைக் கையாளும் விதம் மாறாமல் இருந்தால் பிள்ளைக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன். தாள் கிழியும்வரை அழிக்கிற பிள்ளையிடம் ஒரேயடியாக ரப்பரைப் பிடுங்கினால் பயம் கூடும். முதலில் கொஞ்ச நாள் சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுங்கள். துடைத்தால் போய்விடும் என்பதால் கை தைரியமாக ஓடும். மஞ்சக்குப்பம் கடைகளில் இப்போதும் கிடைக்கிறது. சிலேட்டில் சரளம் வந்ததும் நோட்டுக்கு மாறுங்கள், இந்தத் தடவை பேனாவோடு. தப்பு என்று தெரிந்தால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. கிறுக்கக் கூடாது, உள்ளே இருப்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் புதிதாகப் போடட்டும். மாசக் கடைசியில் பழைய பக்கங்களைப் புரட்டினால் “நான் இப்படியெல்லாம் யோசிச்சேனா!” என்று அவனுக்கே தன் வளர்ச்சி தெரியும். அழித்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடுகிறது.

டெஸ்ட் பேப்பர் வந்த அன்று மார்க் இருக்கும் இடத்தை மடித்து வைத்துவிட்டுக் கணக்குகளை மட்டும் பாருங்கள். இது என் சொந்த யோசனை இல்லை. 1988-இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்த ஆய்வில், மார்க் இல்லாமல் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தபோது அந்த முன்னேற்றம் காணவில்லை. மார்க் இருந்தால் கண் அதைத் தாண்டிப் போவதே இல்லை.

நிஜமான கவனக்குறைவும் உண்டு. 6-ஐ 0 மாதிரி எழுதிவிட்டு அடுத்த வரியில் தானே ஏமாறுவது, கேள்வியைப் பாதி படிப்பது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு வரிக்கு ஒரு படி என்று எழுதவும், முடிந்ததும் “நானூறில் நூற்றைம்பது போனால் சுமார் இருநூற்றைம்பது வரணுமே” என்று தோராயமாகப் பார்த்துக்கொள்ளவும் பழக்கினால் போதும். ஸ்டாப் வாட்ச் வைத்து வாய்ப்பாடு கேட்பதை மட்டும் இப்போதைக்கு விடுங்கள். பயந்த பிள்ளைக்கு, எண்களை மனதில் பிடித்துவைக்க வேண்டிய இடத்தைப் பயமே அடைத்துக்கொள்கிறது. தெரிந்த கணக்கும் அப்போது வராது.

நீங்களே கணக்கென்றால் பயப்படுபவராக இருந்தால் (கேள்வியில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னிடம் வரும் பெற்றோரில் பலர் அப்படித்தான்) அதற்காக ஒதுங்க வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால் பிள்ளையின் கணக்கு அந்த வருஷம் பின்தங்குகிறது, பயம் கூடுகிறது என்று ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் டீச்சர் வேடம் போடாமல் மாணவராக உட்காரலாம். “எனக்கு இது மறந்துபோச்சு, நீ சொல்லிக்கொடு.” அவன் சொல்லிக்கொடுக்கும்போது தடுமாறுகிற இடம்தான் அவனுக்குப் புரியாத இடம்.

ராமானுஜன் பேரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்கள் நம் பக்கம் அதிகம். அவரும் நம் பக்கத்தில் நடந்தவர்தான். வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், 1910 வாக்கில், திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த ராமசாமி அய்யரைப் போய்ப் பார்த்தார். அப்போது அந்த ஊர் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. ராமானுஜன் 1913-இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியவற்றில் பகா எண்களைப் பற்றிய ஒரு முக்கியமான கூற்று தப்பு. எப்படித் தப்பு என்பதையும் ஹார்டி விளக்கியிருக்கிறார். கலப்பெண்களின் உலகம் அப்போது ராமானுஜனுக்குப் பழக்கமில்லை. பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று அறிய உதவும் சீட்டா சார்பு என்று ஒன்று உண்டு. அதற்குக் கலப்பெண் மூலங்களே, அதாவது அதன் மதிப்பைப் பூஜ்யமாக்கும் கலப்பெண்களே, இல்லாமல் இருந்திருந்தால் அவர் சொன்னது போலத்தான் பகா எண்கள் நடந்துகொண்டிருக்கும். அந்தத் தோல்வி ஒருவகையில் அவருடைய வெற்றிகளைவிட வியப்பானது என்கிற மாதிரி ஹார்டி எழுதினார். ராமானுஜனின் தப்புக்குள்ளும் ஒரு விதி இருந்தது, அது வேறொரு உலகத்தில் சரி. உங்கள் பையனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மேதைகளும் தப்புப் பண்ணுவார்கள் என்று மட்டும் சொல்லி முடிக்காமல், அந்தத் தப்பை ஒருவர் எவ்வளவு மரியாதையாக உட்கார்ந்து படித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பள்ளியில் டீச்சரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள், புகாராக இல்லாமல். 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணக்குக் குழு எழுதிய அறிக்கையிலேயே, பிள்ளைகள் கணக்கைக் கண்டு அஞ்சாமல் மகிழ்ந்து கற்க வேண்டும் என்பது ஒரு குறிக்கோளாக இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்பது புதுமையான சலுகை எதுவும் இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கும் குறிப்பு எழுத அவருக்கு நேரம் இருக்காது, அது நியாயம். “இன்டு போடுகிற இடத்தில் எந்த வரியில் தடம் மாறினான் என்று ஒரு வட்டம் மட்டும் போட்டுக் கொடுங்கள், மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்” என்று கேளுங்கள். இம்போசிஷன் கொடுக்கிற டியூஷனாக இருந்தால் நிறுத்திவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். தப்பான விதி தலைக்குள் இருக்கும்போது சரியான விடையைப் பத்துத் தடவை எழுதினால் கைதான் வலிக்கும்.

எப்போது சரியாகும் என்று கேட்பீர்கள். ஒரு வாரத்தில் மாறாது. இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். மார்க்கை வைத்து அளக்காதீர்கள், அது மெதுவாகத்தான் வரும். அதற்கு முன்னால் வேறு அடையாளங்கள் வரும். தெரியாத கணக்கில் ஒரு வரியாவது எழுதிப் பார்ப்பான். உங்கள் முகத்தைப் பார்க்காமல் விடையைச் சொல்வான். கணக்கின் நடுவில் “இரும்மா, இது இவ்ளோ பெரிசா வராதே” என்று அவனே நிறுத்துவான். அப்படி ஒரு தடவை நிறுத்திவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மூன்று மாதத்துக்குப் பிறகும் சின்ன எண்களின் அளவே பிடிபடாமல், 7 பெரிசா 9 பெரிசா என்பதற்கே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் மட்டும் கற்றல் குறைபாடு பார்க்கிற சிறப்பாசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவனுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.